வெள்ளை நூலும் கறுப்பு நூலும்: உவமையைக் கையாளும் பொறுப்பு

 

நோன்பு நோற்பவர் எந்த நேரம் வரை உண்ணலாம், பருகலாம் என்பதை அறிவிக்க வந்த இறைவன், அல்பகரா அத்தியாயத்தின் 187ஆம் வசனத்தில் நமக்கு ஒரு காட்சியைக் காட்டுகிறான். கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் பிரிந்து தெரிகின்ற வைகறையே அந்த எல்லை. இதனைச் செவியுற்ற அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள், கறுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு கயிறுகளை எடுத்துத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டார்கள். இரவெல்லாம் அவற்றைப் பார்த்தார்கள், வேறுபாடு தெரியவில்லை. பொழுது விடிந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று நடந்ததைக் கூறினார்கள். அது இரவின் இருளையும் பகலின் வெளிச்சத்தையும் குறிப்பது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கமளித்தார்கள். இரவும் பகலும் அடியில் அடங்குமளவுக்கு உமது தலையணை அகலமானதோ என்னும் கருத்தில் ஒரு நகைச்சுவையும் அவ்விளக்கத்தில் கலந்திருந்ததாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன.

அதீ (ரலி) அவர்கள் மொழியறியாதவர் அல்லர். கொடைக்கு நாம் சீதக்காதியைச் சொல்வது போல் அரபியர் சொல்லும் ஹாத்திமின் மகனார். தய்யி குலத்தின் தலைவர். தாய்மொழியிலேயே அருளப்பட்ட வசனத்தில் வந்த ஓர் உருவகம் அத்தகையவரையும் ஓர் இரவு தடுமாற வைத்தது. அவரை எவரும் பழிக்கவில்லை. உருவகத்தின் பொருள் அவருக்குக் கனிவுடன் எடுத்துச் சொல்லப்பட்டது.

உவமையும் உருவகமும் மொழிக்கு இடும் பூச்சு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பூச்சை நீக்கினாலும் சுவர் நிற்கும் என்பது அவ்வெண்ணத்தின் அடிப்படை. ஆனால் மேற்கண்ட வசனத்தில் சட்டமே உருவகத்திற்குள்தான் இருக்கிறது. அதன் பொருள் விளங்காவிட்டால் நோன்பின் நேரமே பிறழ்ந்துவிடும். ஆகவே மொழியில் வரும் காட்சிகளை எப்படிப் புரிந்துகொள்கிறோம், எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது புலவர்களுக்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. நம் இல்லங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் உரிய பொறுப்பாகும்.

தமிழர் இப்பொறுப்பை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்தவர்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று ஓர் இயலே உண்டு. ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிடுவதற்கு வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு அடிப்படைகளை அது வகுக்கிறது. செயலால் ஒத்திருத்தல், விளைவால் ஒத்திருத்தல், வடிவால் ஒத்திருத்தல், நிறத்தால் அல்லது தோற்றத்தால் ஒத்திருத்தல் என்று இவற்றை எளிமையாகக் கூறலாம்.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அல்குர்ஆனின் உவமைகளை அணுகிப் பாருங்கள். வேதத்தைச் சுமக்கும் பொறுப்பளிக்கப்பட்டும் அதன்படி நடவாதவர்களுக்கு, ஏடுகளைச் சுமக்கும் கழுதையை 62:5 உவமையாக்குகிறது, இது வினை. இறைவழியில் செலவிடும் செல்வத்திற்கு, ஏழு கதிர்களை ஈன்று கதிருக்கு நூறு மணிகளைத் தரும் ஒரு வித்தை 2:261 காட்டுகிறது, இது பயன். இறைவனை விடுத்துப் பிறரைப் புகலிடமாகக் கொண்டவர்களின் நிலைக்கு, வீடுகளிலெல்லாம் வலுவற்றதான சிலந்தியின் வீட்டை 29:41 எடுத்துக்கொள்கிறது. கட்டமைப்பைச் சுட்டுவதால் இதனை மெய் எனலாம். மறுப்பவர்களின் செயல்களுக்குத் தாகித்தவன் நீரென்று எண்ணி ஓடும் கானலை 24:39 காட்டுகிறது. தோற்றத்தைச் சுட்டுவதால் இது உரு. அரபு மண்ணில் அருளப்பட்ட மறையைத் தமிழ் இலக்கணத்தின் வழியே அணுகும்போதும் பொருள் தெளிவாகவே துலங்குகிறது.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பது தொல்காப்பியத்தின் பொது விதி. வீரனைப் புலியுடனும் முகத்தை மதியுடனும் ஒப்பிடுவது இவ்விதியின்படியே. அல்குர்ஆனோ சிலந்தியையும் ஈயையும் கொசுவையும் எடுத்துக்கொள்கிறது. கொசுவையோ அதனினும் அற்பமானதையோ உதாரணமாகக் கூற இறைவன் தயங்குவதில்லை என்று 2:26 வெளிப்படையாகவே அறிவிக்கிறது. இது முரண்பாடன்று. தாழ்ந்த பொருளைக் கொண்டு உவமிப்பதற்கும் தொல்காப்பியம் இடம் தந்திருக்கிறது; கிழக்கிடு பொருள் என்பது அதன் பெயர். கருத்தைக் கேட்பவர் உள்ளத்தில் பதிய வைக்கிறதா என்பதே ஓர் உவமைக்கான சோதனை. எடுத்துக்கொண்ட பொருளின் பெருமையோ சிறுமையோ அதற்கு அடுத்ததுதான்.

ஒரு காட்சி எல்லா மொழிகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். தம் மனைவியருள் கை நீளமானவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர் தத்தம் கைகளை அளந்து பார்த்தார்கள். பின்னர் அவர்களுள் முதலில் மறைந்தவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். தம் கையால் உழைத்து ஈட்டியதைத் தருமம் செய்துவந்தவர் அவரே. நீண்ட கை என்பது கொடையைக் குறித்தது என்று அப்போதுதான் விளங்கியது. இந்நிகழ்ச்சி முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது.

இதனை விளக்கமின்றிச் சொல்லுக்குச் சொல் தமிழில் பெயர்த்து நம் ஊரில் ஒருவரிடம் கூறினால் என்ன ஆகும்? நமக்குக் கை நீளம் என்றால் திருட்டு. அரபியில் அறத்தின் அடையாளமாக நின்ற கை தமிழில் களவின் அடையாளமாக நிற்கிறது. ஆகவே ஒரு மார்க்கம் ஒரு புதிய மொழிக்குள் வரும்போது சொற்களைக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டும் போதாது. அம்மொழி மக்களின் கண்ணுக்குப் பழகிய காட்சிகளில் அது பேசவேண்டும். அப்பணியைச் செய்து தந்த பெரியோர்கள் தமிழ் முஸ்லிம்களுக்கு வாய்த்தார்கள்.

அவர்களுள் தலையாயவர் நம் திருவேங்கடத்திற்கு அண்மையிலேயே அடங்கியிருக்கிறார். இங்கிருந்து கோவில்பட்டி வழியே சென்றால் எட்டயபுரம். 17ஆம் நூற்றாண்டில் அவ்வூர் அரண்மனைப் புலவராக விளங்கிய உமறுப் புலவர், கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் சீறாப்புராணத்தைப் பாடத் தொடங்கினார். வள்ளல் மறைந்த பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் அப்பணி தொடர்ந்தது. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என 3 காண்டங்களும் 92 படலங்களும் 5027 பாடல்களும் கொண்ட அக்காவியம், நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழரின் காவிய மரபில் சொல்கிறது.

அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மேகம் திரள்கிறது, மலையில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகி ஓடுகிறது, வயல்களில் நெல் விளைகிறது. மக்கா நகரில் நெல் வயல் ஏது, ஆற்று வெள்ளம் ஏது என்று இன்று சிலர் கேட்கிறார்கள். உண்மைக்கு மாறானதை ஏன் படிக்கவேண்டும் என்று கூறி, அந்நூலை இல்லங்களில் ஓதும் வழக்கத்தையே நிறுத்திவிட்ட குடும்பங்களும் உண்டு. இக்கேள்வியைக் கேட்பவர்களின் மார்க்கப் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் இக்கேள்வி, தலையணையின் கீழ் கயிறுகளைத் தேடும் கேள்வியே ஆகும்.

உமறுப் புலவர் வாழ்ந்த நிலத்தை எண்ணிப் பாருங்கள். எட்டயபுரமும் திருவேங்கடமும் கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கூடினால்தான் பருத்தியும் உளுந்தும் சோளமும். கூடாவிட்டால் வெடித்த மண்தான். இந்த மண்ணில் வாழ்பவருக்கு மழையைவிடப் பெரிய அருட்கொடையை எந்தச் சொல்லால் காட்டமுடியும்? அல்குர்ஆனும் மழையை இறைவனின் அருள் என்றே குறிப்பிடுகிறது. மழைக்கு முன் வீசும் காற்றை அவனது அருளின் நற்செய்தி என்கிறது. நாயகம் (ஸல்) அவர்களோ அகிலத்தாருக்கு அருளாக அனுப்பப்பட்டவர்கள் என்று 21:107 கூறுகிறது. அருளாகப் பிறந்தவர்களின் நாட்டை, அருள் பொழியும் நாடாகப் புலவர் பாடினார். அது நில நூலன்று, வானிலை அறிக்கையுமன்று. நாட்டு வளம் பாடும்போது மழையிலும் ஆற்றிலும் தொடங்குவது தமிழ்க் காவிய மரபு. கருத்து இஸ்லாத்தினுடையது, காட்சி தமிழினுடையது. அக்காட்சி இல்லாதிருந்தால், அரபி அறியாத நம் முன்னோர்களின் உள்ளத்தில் அவ்வரலாறு இத்தனை ஆழமாக வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே.

இதற்கு எல்லை இல்லையா என்றால், உண்டு. இறைவனைப் போன்றது எதுவுமில்லை என்று 42:11 கூறுகிறது. அவனுக்கு உவமைகளைக் கூறாதீர்கள் என்னும் எச்சரிக்கை 16:74இல் இருக்கிறது. தன்னைப் பற்றி எவ்வுவமை தகும் என்பதை அவனே அறிவான். அன்னூர் அத்தியாயத்தில் தன் ஒளிக்கு மாடத்தையும் விளக்கையும் கண்ணாடியையும் உவமையாகத் தந்தவனும் அவனே. குணங்குடி மஸ்தான் சாகிபு போன்ற ஞானியர் இறைவனைக் காதலியாக விளித்துப் பாடியதைக் கண்டு தயங்குபவர்களின் தயக்கத்தில் பொருளில்லை என்று சொல்லிவிட முடியாது. பாடலின் உருவகத்தை எவரேனும் கொள்கையாகவே எடுத்துக்கொண்டால், தடுத்துத் தெளிவுபடுத்துவது ஆலிம்களின் கடமை. ஆயின் தெளிவுபடுத்துவது வேறு, நூலையே தூக்கிப் போடுவது வேறு. அதீ (ரலி) அவர்களுக்கு விளக்கம்தான் அளிக்கப்பட்டது.

இத்தனை எச்சரிக்கையுடன் உமறுப் புலவரின் நெல் வயல்களைச் சோதிக்கும் நாம், இன்று நம் நாவில் புழங்கும் உவமைகளை அவ்வாறு சோதிக்கிறோமா? இதுவே என் ஆதங்கம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். பெண்களின் ஆடை ஒழுக்கத்தை விளக்க, உறையிட்ட மிட்டாயையும் உறை பிரித்த மிட்டாயையும் காட்டி, பிரித்ததில் ஈ மொய்க்கும் என்று சொல்லும் வழக்கம் பயான்களிலும் வாட்ஸ்அப் படங்களிலும் பரவியிருக்கிறது. சொல்பவர்களின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்த உவமை என்ன கற்பிக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். பெண் தின்பண்டம் ஆகிறாள். ஆண் ஈ ஆகிறான். ஈக்குப் பாவமில்லை, பொறுப்பில்லை, மறுமையில் கேள்வி கணக்கில்லை. மொய்ப்பது அதன் இயல்பு. அவ்வாறாயின் ஆணின் பொறுப்பு எங்கே போயிற்று? அல்குர்ஆனின் 24:30, பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் நம்பிக்கை கொண்ட ஆண்களுக்கே ஆணையிடுகிறது. பெண்களுக்கான ஆணை அதற்கு அடுத்த வசனத்தில் வருகிறது. மிட்டாய் உவமையோ முதல் வசனத்தை மறைத்துவிடுகிறது. அதனைக் கேட்டு வளரும் மகன் தன்னை ஈ என்று நம்பினால், அந்த நம்பிக்கையை விதைத்தது யார்?

இதனுடன் நாயகம் (ஸல்) அவர்கள் கையாண்ட ஓர் உருவகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பயணத்தில் பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாடிக்கொண்டே விரைவாக ஓட்டினார். கண்ணாடிப் பாத்திரங்கள் இருக்கின்றன, மெதுவாக ஓட்டும் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை நெறிப்படுத்தினார்கள். இது புகாரி நூலில் உள்ள செய்தி. இங்கே பொறுப்பு யார் மீது வைக்கப்பட்டது? பாத்திரத்தின் மீதன்று, ஓட்டுபவர் மீது. பெண்ணின் மதிப்பும் உயர்கிறது, ஆணின் கடமையும் நினைவூட்டப்படுகிறது. நல்ல உவமைக்கும் தீய உவமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாம் முதலில் பார்த்த அதே 2:187ஆம் வசனத்தில்தான் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்னும் உருவகமும் இருக்கிறது. நூலும் ஆடையும் ஒரே வசனத்தில் அமைந்திருக்கின்றன. ஆடை மானம் காக்கிறது, குறை மறைக்கிறது, குளிரிலும் வெயிலிலும் துணை நிற்கிறது, உடலுக்கு மிக நெருங்கியிருக்கிறது. இவ்வுருவகம் இருவருக்கும் சமமாகவே சொல்லப்பட்டது. ஒருவர் ஆடை, மற்றவர் உடல் என்று பிரிக்கப்படவில்லை. நிக்காஹ் மேடைகளில் மணமக்களுக்கு எடுத்துச் சொல்ல இதனினும் சிறந்த காட்சி வேறு வேண்டுமா?

தீய உருவகத்தின் விளைவு வீட்டோடு நிற்பதில்லை. 1994இல் ருவாண்டா நாட்டில் டுட்சி இன மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று வானொலியில் இடைவிடாது அழைத்தார்கள். ஏறத்தாழ 100 நாட்களில் லட்சக்கணக்கான மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். கொலைக்குக் காரணங்கள் பலவாயினும், மனிதனைப் பூச்சி என்று கேட்டுப் பழகிய காது அவனை நசுக்குவதற்குக் கையை இணங்கச் செய்துவிட்டது. 2018இல் நம் நாட்டின் அரசியல் மேடைகளிலேயே குடியேறிகளைக் கரையான்கள் என்று பேசியதை நாம் கேட்டோம், நெஞ்சு பதைத்தோம். அந்தப் பதைப்பு நியாயமானது. அதே அளவுகோலை நம் நாவுக்கும் வைப்பதுதான் நீதி. மாற்றுக் கருத்துடைய சகோதர முஸ்லிமையோ பிற சமயத்தவரையோ விலங்கு, கிருமி, குப்பை என்று முகநூலிலும் கூட்டங்களிலும் பேசுபவர்கள் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லமுடியுமா? புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு ஒப்பிட்ட 49:12ஆம் வசனம் நமக்கும் உரியதல்லவா?

அப்படியாயின் செய்யவேண்டியது என்ன? பெரிய திட்டங்கள் எவையும் தேவையில்லை. ஓர் உவமையைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இக்காட்சி கேட்பவருக்குப் பழக்கமானதா? இதில் பொறுப்பு உரியவர் மீது இருக்கிறதா? நாம் யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவர் எதிரில் அமர்ந்திருந்தாலும் இதனைச் சொல்வோமா?

முதல் கேள்வி மக்தப் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மிகவும் பயன்படும். வாசலில் ஓடும் ஆற்றில் நாள்தோறும் ஐந்து முறை குளிப்பவர் உடலில் அழுக்குத் தங்குமா என்று கேட்டு, ஐவேளைத் தொழுகையை நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றில் நீர் ஓடிக் காணாத நம் பகுதிப் பிள்ளைக்கு இதனைச் சொல்லும்போது, தோட்டத்துப் பம்புசெட்டில் கொட்டும் நீரை நினைவூட்டிவிட்டு ஆற்றுக்கு வாருங்கள், கண்கள் விரியும். ஏழு கதிர் ஈன்ற வித்தைப் பற்றி ஓதும் நாளில் ஒரு சோளக் கதிரைக் கையில் கொடுத்து மணிகளை எண்ணச் சொல்லுங்கள். தருமத்தின் கணக்கு அப்பிள்ளைக்கு ஆயுளுக்கும் மறக்காது. கஸ்தூரி விற்பவரையும் உலைத் துருத்தி ஊதுபவரையும் காட்டி நாயகம் (ஸல்) அவர்கள் நட்பை விளக்கியதைச் சொல்லும்போது, அத்தர் கடையையும் கொல்லன் பட்டறையையும் அருகில் அழைத்துச் சென்று காட்டலாம். சந்தை நாளில் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

அல்குர்ஆனை ஓதக் கற்றுத் தருவதில் நம் சமுதாயம் பெரும் அக்கறை காட்டுகிறது. இறைவன் அதற்கு நற்கூலி வழங்குவானாக. அதனுடன், அதில் வரும் உவமைகளின் பொருளையும் வாரத்திற்கு ஒன்றாகவேனும் தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். ஏடுகளைச் சுமக்கும் கழுதையின் உவமை பிறரைக் குறித்தது என்று நாம் கடந்து போய்விட முடியாது. ஓதியதை உணராமலும் உணர்ந்ததன்படி நடவாமலும் இருப்பவர் எவராயினும் அந்தச் சுமையின் கீழ்தான் நிற்கிறார். அதுபோலவே, சீறாப்புராணத்தின் ஒரு படலத்தையேனும் ரபீஉல் அவ்வல் மாதத்தில் இல்லத்தில் பொருளுடன் படித்துப் பாருங்கள். நம் மொழியில் நம் நாயகத்தை நம் முன்னோர் எப்படி வரவேற்றார்கள் என்பது விளங்கும்.

மனிதனுக்குப் பேச்சைக் கற்றுத் தந்ததைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இறைவன் குறிப்பிடுகிறான். கற்றுத் தரப்பட்ட பேச்சுக்குக் கணக்கும் உண்டு. எவரையும் காயப்படுத்தாத, எவர் பொறுப்பையும் மறைக்காத, கேட்பவர் உள்ளத்தில் நன்மையை முளைக்கச் செய்கின்ற சொற்களை நம் நாவுகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.